ரேடியேட்டரில் கொட்டிய மஞ்சள்

அப்பா,

இன்று மீன் குழம்பில் அம்மா மஞ்சள் தூளைப் போட்டதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கொல்லைக்கு ஓடினேன். "என்னத்தா, வெயில் சேரலையா?" என்று முதுகைத் தடவினாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது அவள் தூங்குகிறாள். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். முன்கட்டில் பெரியப்பா இருமும்போதெல்லாம் நோட்டை மூடிவிடுகிறேன். நேரில் 'பெரியப்பா' என்றுதான் என் வாயில் வரும். இந்த நோட்டில் மட்டும் அவன்.

அந்தச் சனிக்கிழமை அவன் லாரியில் கோட்டயம் போய்த் தக்காளி இறக்கிவிட்டு வந்ததும் வாசலிலேயே அவனிடம் சத்தம் போட்டீர்கள். "ரேடியேட்டரு ஒழுகுதுண்ணே. உள்ளயும் அடைச்சுக் கெடக்கு. இப்பிடியே மலையேற மாட்டேன்." அவன் தலையைச் சொறிந்தான். "சரிடா, கழட்டிச் சுத்தம் பண்ணி வைக்கிறேன். நீ போய்ப் படு." நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். "எங்கண்ணன் வாயில சரின்னு வர வச்சுட்டேன் பாத்தியா!" அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தூங்கினீர்கள்.

ஞாயிறு மதியம் அவன் என்னைக் கூப்பிட்டான். "ஏத்தா, பெரிய பாக்கெட்டா ரெண்டு மஞ்சத்தூள் வாங்கியா." வாங்கி வந்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து இரண்டையும் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். தூள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். நடுவழியில் நின்றுபோனவர்கள் ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேரச் செய்கிற வேலை அது என்று எனக்கு அப்போது தெரியாது. "ஒங்கப்பன்ட்ட சொல்லாத. கேட்டா, ஒர்க்‌ஷாப்புல வேல முடிஞ்சு வந்துச்சுன்னு சொல்லு."

நீங்கள் கேட்டீர்கள். அப்படியே சொன்னேன்.

குமுளி மலையில் லாரி கொதித்து நின்றது. மூடியைத் திறந்ததும் கொதிநீர் உங்கள் மேல் பீறிட்டது. ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்தபடி சொன்னீர்கள்: "அர மணி நேரம் ஆற விட்டேன்த்தா. ஈரச் சாக்கப் போட்டுத்தான் தொறந்தேன். சுத்தம் பண்ண ரேடியேட்டரு எப்பிடி இம்புட்டுக் கொதிக்கும்?" நான் இலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு நின்றேன். பதில் எனக்குத் தெரியும். கதவருகே அவன் நின்றான். ஒன்பதாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள், யோசித்துக்கொண்டே.

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அவன் ஒரே மாதிரி அழுதான். "அவசரக்காரப் பய. சூட்டோட தொறந்துட்டான்."

நேற்று பள்ளி விட்டு பைபாஸில் இறங்கினேன். எதிரே ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் ஓட்டிய லாரிக்குப் புது ரேடியேட்டர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பழையதை அறுத்துப் போட்டிருந்தார்கள். குழாய் குழாயாக மஞ்சள் சேறு, கெட்டிப்பட்டு. மெக்கானிக் விரலால் தோண்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அவனிடம் கேட்டார். "என்னண்ணே, அம்மனுக்கு மஞ்சக்காப்பு போட்ட மாதிரி அப்பி வச்சிருக்கீங்க?"

அவன் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான், அப்பா. "சரி சரி, எடைக்குப் போட்டுரு."

அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் நெஞ்சும் வெந்து கொப்பளிக்க வேண்டும். அவனையும் இலையில் கிடத்த வேண்டும். ஈ மொய்க்க அவன் தண்ணீர் கேட்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இப்படியெல்லாம் நினைக்கிறேன். எனக்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் நினைப்பை நிறுத்த மனம் வரவில்லை.

நாளைக் காலை ஒரு காகிதத்தோடு வரப்போகிறான். லாரியில் குறை எதுவும் இல்லை, டிரைவரின் அவசரத்தால்தான் எல்லாம் நடந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிடுவாள். இருக்க இடம் கொடுத்தவர் என்று அவனைக் கும்பிடுகிறாள்.

நாளை அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் இப்போதே அம்மாவை எழுப்பப் போகிறேன். மஞ்சள் வாங்கி வந்தது நான், உங்களிடம் பொய் சொன்னது நான் என்றுதான் தொடங்க வேண்டும். அதற்கப்புறம் அவள் என் முதுகைத் தடவுவாளா என்று தெரியவில்லை. தடவாவிட்டாலும் சரி, அவன் தப்பிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டபோது நான் சொல்லாமல் விட்ட பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. விடிந்ததும் அவன் வாசலில், தெருவே கேட்க, அம்மா அதைச் சொல்ல வேண்டும்.

அவள் தோளைத் தொடுகிறேன், அப்பா.