அக்கா வீட்டுக்கு ஆள் பார்த்தது

ஸான்ட்ஃபோர்ட்,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அலீடா அக்காவுக்கு,

தம்பி கோர் எழுதுவது. நான் நலம், மீன் கடை நலம், இந்த வாரம் அடித்த காற்றில் பறந்து போகாமல் உன் வீட்டுக் கூரையும் நலம். நீயும் அங்குள்ள ஆடுகளும் நலமா? போன கடிதத்தில் ஆடுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். ஆட்டுக்காரர் கிரஹாமைப் பற்றி ஒரே ஒரு வரிதான், 'நல்ல மாதிரி மனிதர்' என்று. நல்ல மாதிரி என்றால் எந்த மாதிரி? தலையில் முடி உண்டா? சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவாரா? நியூசிலாந்தில் இருக்கும் சிநேகிதியை ஒரு மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். குளிர்காலமே முடியப் போகிறது, உன்னை இன்னும் காணோம். அந்த ஊர் ஆட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று வில்லெமின் தினமும் கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி அல்லவா, உன் கதையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

வீடு சும்மா கிடக்கிறது, வாடகைக்கு விட்டுவிடு என்று எழுதியிருந்தாய். சரி என்று வீட்டுத் தரகரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல வீடா? மூச்சு விடாதீங்க, ஊரே வந்து நிக்கும்" என்றார். ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்போது நம் கடற்கரைதான் படுக்கையறையாம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லுங்கள் என்று நானும் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் பிறந்தநாள். என் பிறந்தநாளை நினைவு வைத்துக்கொள்வது உன் வேலை, என் வேலையா?

நீ இல்லாவிட்டாலும் வழக்கம் மாறக்கூடாது என்று வில்லெமின் காலையிலேயே உன் வீட்டைத் திறந்து, தோரணம் கட்டி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நம் தெருக்காரர்களை உட்கார வைத்துவிட்டாள். நான் கடையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டு வருவதற்குள் மணி பதினொன்று. வீடு பார்க்க வந்தவர்கள் உள்ளே நுழைந்து தோரணத்தைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த பிறகு சும்மா நிற்க முடியுமா? நம் ஊர் வழக்கப்படி வட்டத்தில் இருந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, "கோருக்குப் பிறந்தநாளாமே, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு அடக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள். தெருக்காரர்களோ வந்தவர்களை என் கடை வாடிக்கையாளர்கள் என்று நினைத்துவிட்டார்கள். வந்தவர்கள், அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்துத் தங்களைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் நுழையும்போது இருபது பேர் முழங்காலில் கேக் தட்டை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கோரை எவ்வளவு நாளாகத் தெரியும் என்று வில்லெமின் ஒருவனைக் கேட்டாள். "இன்னும் பாக்கவே இல்லீங்க. ஆனா ரொம்ப நல்லவரா இருப்பார்னு தோணுது" என்றானாம். வாடகை வீட்டுக்கு மனிதன் எவ்வளவு தூரம் போகிறான் பார்!

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். உனக்குத் தெரியாமல் நான் செய்ததையும் கேட்டுக்கொள். ஒருவனிடம் மணல் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும் என்றேன். இன்னொருத்தியிடம் கார் பந்தய நாளில் பேச்சே காதில் விழாது என்றேன். கடற்காகம் விடியற்காலையில் ஜன்னலைக் கொத்தி எழுப்பும் என்று வேறொருவனைப் பயமுறுத்தினேன். வில்லெமின் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "என்னடா, வீட்ட வாடகைக்கு விடுறியா இல்ல ஆள வெரட்டுறியா?" என்று கேட்டாள். நான் இன்னொரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ஒரே ஒருத்தியை மட்டும் விரட்ட முடியவில்லை. யோரிண்டே என்று பெயர், ஹார்லம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் சீப்ரன் ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் போய் வருகிறான். குளிர்காலம் முழுக்க மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கிற விடுமுறைக் குடிசை ஒன்றில் இருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முன்னால் காலி செய்ய வேண்டும், கோடை விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். மணல் வரும் என்றால், "எங்க படுக்கையிலயே இருக்குங்க" என்கிறாள். கடற்காகம் என்றால் சிரிக்கிறாள். அவளே எழுந்து எல்லோருடைய தட்டையும் கழுவினாள். துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டாள், "உங்க அக்கா திரும்பி வருவாங்களா? வருவாங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. மறுபடியும் மூட்டை கட்டுற தெம்பு எனக்கு இல்ல." அக்காவையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தரகர் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். நீ திரும்பி வந்து குடியிருப்பதாக இருந்தால், எப்போது என்று ஒப்பந்தத்திலேயே தேதி போட வேண்டும். அந்தத் தேதியில் அவர்கள் போய்விடுவார்கள். தேதி போடாமல் விட்டால், அவர்கள் விரும்பும் வரை வீடு அவர்களுடையது. பிறகு நீ வாசலில் பெட்டியோடு வந்து நின்றாலும் சட்டம் உன் பக்கம் பேசாது. தேதி இல்லை என்றால் யோரிண்டே நாளைக்கே வருகிறாள். தேதி உண்டு என்றால் அவள் வேறு இடம் பார்ப்பாள், ஒரு வருஷத்துக்குப் போதும் என்கிற ஆளை நான் தேடுவேன். இந்த வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். இந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறேன், நீயும் அப்படியே பதில் போடு.

அதனால் நன்றாக யோசித்து எழுது. நான் இங்கே தனியாக இருக்கிறேன் என்று பரிதாபப்பட்டு ஒரு தேதியைப் போட்டுவிடாதே. நான் எங்கே தனி? தெரு முழுக்க என் கேக்கைத் தின்றவர்கள்தான். கிரஹாம் நிஜமாகவே நல்ல மாதிரி என்றால் தேதி போடும் இடத்தை வெறுமையாக விடு, நானே சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறேன். ஆனால் கூச்சத்துக்காக, சொன்ன சொல்லுக்காக அங்கே இருக்கிறாய் என்றால், இரண்டு யோசனை வேண்டாம், தேதியைப் போட்டுவிடு. அந்தத் தேதிக்கு முன்னால் வந்துவிட்டாலும் என் மாடியறைச் சோபா இருக்கிறது. காலை மட்டும் மடக்கிக்கொள்ள வேண்டும்.

கடலுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் நீ சுகமாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை மட்டும் சீக்கிரம் எழுது.

உன் தம்பி,
கோர்