மூடிக்கு ஐந்து ஓட்டை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நான், உன் அப்பா, கடை, மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும், பெற்றவளை இரண்டு பக்கத்துக்கு மூச்சு விடாமல் திட்டி எழுதத் தெம்பு இருந்திருக்கிறதே. நீ அனுப்பியதை அப்பா செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வாசித்தார், பாதியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதியை நீயே படிச்சுக்கோ என்று என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். போனில் பதில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது.

நம் மலைக்காட்டுப் பச்சோந்தியை யாரோ இணையத்தில் விலைக்குப் போட்டிருக்கிறார்கள், அந்த இடத்தை யாரிடம் உளறினாய் அம்மா என்று கேட்டிருக்கிறாய். உளறல் என்ற சொல்லை நான் மறக்கப் போவதில்லை, அது இருக்கட்டும். இடத்தைச் சொன்னது யார் என்று உன் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தைப் பார். எந்த ஓடை, எத்தனை மீட்டர் உயரம், செல்போனில் தட்டினால் ஆளைக் கொண்டுபோய் அந்த மரத்தடியிலேயே நிறுத்துகிற எண் முதற்கொண்டு எழுதி வைத்திருக்கிறாய். முப்பது வருஷமாக பிளாஸ்டிக் சாமானும் கயிறும் விற்கிறேன். கொள்முதல் எங்கே என்று எதிர்க்கடைக்காரன் கேட்டால் நான் வானத்திலிருந்து விழுந்தது என்றுதான் சொல்வேன். மூன்று வருஷம் அட்டைக்கடியில் அலைந்து கண்டுபிடித்த சரக்கின் விலாசத்தை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தவள் நீ. ஆய்விதழின் விதி என்பாய். விதி போட்டவன் மலைக்கு வந்து காவல் இருப்பானா?

இப்போது என் பங்கையும் சொல்கிறேன், நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்கிற ஆள் இல்லை. போன மாதம் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள், நல்ல ஷூ, நல்ல பேச்சு, ஒருவர் தங்கப்பிரேம் கண்ணாடிக்காரர். மசாலா போட்டு வைக்கிற வட்ட டப்பா நாற்பது, தலையில் மாட்டுகிற டார்ச் இரண்டு, ஒரு சுருள் மஞ்சள் கயிறு கேட்டார்கள். மூடியில் ஓட்டை போட்டுத் தர முடியுமா என்றார் கண்ணாடிக்காரர். என்ன வைக்கப் போறீங்க என்று கேட்டேன். நாத்துங்கம்மா, அதுவும் மூச்சு விடணும்ல என்றார். சிரித்தேன். நாற்பது மூடிக்கும் நானே டிரில்லைப் பிடித்து மூடிக்கு ஐந்து ஓட்டை போட்டேன், சுற்றி நாலு, நடுவில் ஒன்று, கையைக் கிழிக்கக் கூடாதே என்று பிசிறையெல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தும் கொடுத்தேன். வாங்குகிறவன் கேட்பதற்கு மேல் ஒரு வேலை செய்து கொடுத்தால் மறுபடி நம் படியேறுவான் என்பது என் தொழில் புத்தி. நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த ஆள் கல்லாவுக்கு மேலே நான் சட்டம் போட்டு மாட்டியிருந்த, மலையில் எடுத்த உன் படத்தைப் பார்த்தார், இது உங்க மகளா, நாங்க படிச்சிருக்கோமே என்று உன் கட்டுரையையே பையிலிருந்து எடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். உனக்கு மலையில் மூட்டை தூக்கி வழி காட்டிய நெட்டையன், நம் ஏணியின் வீட்டையும் கை நீட்டிக் காட்டினேன். பெருமை ஆளை எத்தனை முட்டாளாக்கும் என்பதை இந்த வயதில் என் செலவிலேயே படித்தேன்.

ஏணி அவர்களோடு போகவில்லை. மூன்றாம் நாள் அந்த நெட்டை உடம்பைக் குனித்துக்கொண்டு கடைக்குள் வந்தான். அக்கா, நாத்து எடுக்க வந்தவனுக்கு ராத்திரி டார்ச் எதுக்கு, நாத்து என்ன இருட்டினா எந்திரிச்சு ஓடிடுமா என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருட்டினால் பச்சோந்தி வெளிறிப்போய்க் கிளை நுனியில் தூங்கும், வெளிச்சம் அடித்தால் வெள்ளைப் பூ மாதிரி தெரியும், கையால் பறித்துக்கொள்ளலாம் என்று நீதானே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதையும் கட்டுரையில் எழுதியிருக்கிறாய் என்று அப்பா பிறகு பார்த்துச் சொன்னார். நன்றாக இருக்கிறது போ.

வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி பிடிக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலைப் புரட்டினார், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பட்டியல்ல இந்தப் பேரே இல்லையேம்மா என்றார். போன வருஷம்தான் என் பொண்ணு பேர் வச்சா, உங்க பட்டியல் எட்டு வருஷப் பழசு என்றேன். ஓணானுக்கெல்லாம் வழக்குப் போட்டா நாங்க வீட்டுக்குப் போக முடியாதும்மா என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். ஊரில் ஆளைத் திட்டுவதற்குப் பச்சோந்தி என்கிறோம், அது பாவம், குளிருக்கும் பயத்துக்கும் நிறம் மாறுகிறது. கடைக்கு வருகிறபோது ஒரு முகமும் நாம் போய் உதவி கேட்கிறபோது ஒரு முகமும் காட்டுகிறவர்களுக்கு வேறு பெயர் கண்டுபிடி, அதை வேண்டுமானால் கட்டுரையாக எழுது.

சரக்கு என்றால் ஊரை விட்டு வெளியே போயாக வேண்டும். சோதனைச் சாவடியில் வண்டியைக் குடைகிறார்கள் என்றால் ஆள் வெறுங்கையோடு போவான், பெட்டி பேருந்தில் தனியாகப் போகும். இது எனக்குப் புதிதா? உன் சித்தப்பா வேலை பார்க்கிற பார்சல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் மதியம் வந்தது, நாற்று என்று எழுதி ஒட்டிய அட்டைப் பெட்டி, நான் விற்ற அதே மஞ்சள் கயிறு. பிரிக்கச் சொன்னேன். அண்ணி, என் வேலை போயிடும் என்றார் சித்தப்பா. போனா என் கடையில வந்து உக்காரு, இங்க தூங்குறத அங்க தூங்கு என்று சொல்லிவிட்டு நானே கயிற்றை அறுத்தேன். என் டப்பாக்கள், மூடிக்கு ஐந்து ஓட்டை, சுற்றி நாலு நடுவில் ஒன்று. ஈரப் பஞ்சின் மேல் கட்டைவிரல் நீளப் பச்சோந்திகள், டப்பாவுக்கு ஒன்றாகக் கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்பது செத்துப் போயிருந்தன. கறுத்துச் சுருண்டிருந்தன, நான் எண்ணினேன். அப்புறம் பெட்டியின் அடியில் ஏதோ நகர்ந்தது. நகத்தளவு குட்டிகள், ஏழு. இது முட்டையிடாது, குட்டி போடும் என்று நீ சொல்லியிருக்கிறாயே, வழியிலேயே ஒரு தாய் ஈன்றிருக்கிறது, குட்டிகள் நான் போட்ட ஓட்டை வழியாக வெளியே வந்து அட்டையில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் மேலும் ஒரு கீறல் இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதற்கு என்று உனக்கு விளக்கமாட்டேன்.

கண்ணாடிக்காரர் நாலு நாள் கழித்துக் கடைக்கு வந்தார், பெட்டி போய்ச் சேரலையாம், பார்சல் அலுவலகத்தில் என்னைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். ரசீதுல என்ன போட்டிருக்கு என்று கேட்டேன். நாத்து என்றார். நாத்துன்னா வழியிலே வாடியிருக்கும் சார், வேற நாத்து பாருங்க என்றேன். முகம் எத்தனை நிறம் மாறியது என்று நீ பார்த்திருக்க வேண்டும். புகார் கொடுக்கவும் வாயில்லை, போய்விட்டார். ஆனால் இந்த ஆள் போனால் அடுத்த ஆள் வருவான், உன் மூன்றாம் பக்கம் அங்கேயேதானே இருக்கிறது.

முப்பத்தொரு பெரியதையும் ஏழு குட்டியையும் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே நானும் ஏணியும் மலைக்கு எடுத்துப் போனோம். அப்பாவும் முழங்காலைக் கட்டிக்கொண்டு பாதி வழி வந்தார். பழைய இடத்தில் விடவில்லை. கத்தாதே, முழுக்கப் படி. வேறு இடம், ஆனால் அதே காடு, அதே மூடுபனி, அதே வகை மரம். அங்கே ஏற்கெனவே அது இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். ஏணிக்கு அந்த இடம் பத்து வருஷமாகத் தெரியுமாம். உன்னோடு மூன்று வருஷம் மூட்டை தூக்கியவன் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்டா என்று கேட்டேன். உங்க பொண்ணு தங்கம் அக்கா, ஆனா எதைக் காட்டினாலும் எழுதிப்புடுது என்றான். உன்னை ஒருத்தன் குறை சொல்லி நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது கட்டுரைக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது என்று ஏணியிடம் கேட்டுச் சொல் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். கேட்டாயிற்று, தெரியும், சொல்லமாட்டேன். உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. விடுமுறைக்கு வா, நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். செல்போனையும் நோட்டையும் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வர வேண்டும், பார்க்க வேண்டும், திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குச் சம்மதம் என்றால் பயணச்சீட்டு எடு.

நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்தோடு படுக்காதே, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு, உன் கையால் இன்னும் பத்து உயிருக்குப் பெயர் கிடைக்கட்டும், விலாசம் கிடைக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் முதல் வேலையாக அந்த ஆய்விதழுக்கு எழுதி அந்த எண்ணை எடுக்கச் சொல், மறந்தால் நான் எழுதுவேன், என் எழுத்து உன் எழுத்தைப் போல மரியாதையாக இருக்காது. கல்லாவுக்கு மேலே இருந்த உன் படத்தைக் கழற்றி எங்கள் படுக்கையறையில் மாட்டிவிட்டேன். பின்னால் அந்தப் பிளந்த பாறை தெரிந்தது, இடம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான், அதனால் ஓரத்தைக் கத்தரித்தேன், உன் ஒரு தோளும் அதோடு போய்விட்டது. பொறுத்துக்கொள்.

உன் மேல் கோபம் தீராத,
அம்மா