நின்றால் கத்த வேண்டும்

பிப்ரவரி 9, திங்கள்

நரம்பு வழியாக மருந்தை அளந்து செலுத்துகிற பம்பு. எங்கள் கம்பெனி தலையில் தூக்கி வைத்து ஆடுகிற சரக்கு. தகடு அடித்த சோதனை அறையில் வைத்து, கதவைச் சாத்தி, மின் கருவிகளை முடக்கக்கூடிய பலமான மின்காந்த அதிர்வைக் கொடுத்தேன். உள்ளே வைத்த கேமராவில் பார்த்தேன்: மோட்டார் நின்றுவிட்டது. நின்றதுகூடப் பரவாயில்லை. திரையில் மருந்து போவதாக எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தம் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, ஒன்றும் இல்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். திரும்பப் போட்டால் ஓடுகிறதா என்றார். ஓடியது. பாஸ் என்று எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதிய சர்வதேசத் தர விதியின் வரைவும் அதைத்தான் சொல்கிறது: அதிர்வில் கருவி நிற்கலாம், ஆள் வந்து திரும்பப் போட்டு ஓடினால் போதும். அந்த வரைவுக் குழுவில் கம்பெனி சார்பில் உட்காருகிறவள் நான்.

ஆள் வந்து என்றால் — எந்த ஆள்? எதைப் பார்த்து வருவார்?

பிப்ரவரி 10

கழுவும்போது கண்ணாடித் தம்ளர் உடைந்தது. உடைந்ததாவது. உடைத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். வார்டு நர்ஸ். பம்பு கதையைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணி, ராத்திரி டூட்டில நான் ஒருத்திதான். ஸ்கிரீன்ல நம்பர் ஓடுச்சுன்னா மருந்து போகுதுன்னு நம்பி அடுத்த கட்டிலுக்குப் போயிடுவேன். நின்னுபோச்சுன்னு எனக்கு யார் வந்து சொல்வாங்க, பேஷன்ட்டா?"



பிப்ரவரி 17

மேனேஜரிடம் போனேன். நின்றால் அலாரம் அடிக்க வேண்டும் என்று வரைவில் ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். சிரிக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் எவன் அதிர்வுப் பெட்டியோடு நிற்கப்போகிறான் என்கிறார். கெட்டவனே வேண்டாம், பக்கத்தில் ஒரு பெரிய ரேடார் போதும் என்றேன். சர்க்யூட்டை மாற்றினால் விற்பனை தள்ளிப்போகுமாம். வரைவை ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டு வா என்றார்.

சரி சார் என்றேன். இந்த வாய் இருக்கிறதே, இதை என்ன செய்ய?

மார்ச் 12, வியாழன்

வரைவுக் குழுவின் காணொளிக் கூட்டம். பல நாட்டு முகங்கள் கட்டம் கட்டமாக. மேனேஜர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காவலுக்கு.

ஆட்சேபனை உண்டா என்று தலைவர் கேட்டார். உண்டு என்றேன். சோதனை வீடியோவை ஓடவிட்டேன். குழாயில் சொட்டு நின்றுவிட்டது, திரையில் எண் ஓடுகிறது. நாத்தனார் கேட்டதை அப்படியே கேட்டேன்.

"மைக்க ஆஃப் பண்ணும்மா," என்றார் மேனேஜர், உதடு அசையாமல்.

பண்ணவில்லை. பயமில்லை, கோபம்.

பிறகு தலைவர் ஓட்டெடுப்பைத் தள்ளிவைத்தார்.

மார்ச் 16

குழுவில் இனி நான் இல்லை. மேனேஜரே போவாராம். எனக்குக் கேபிள் சோதனைப் பிரிவு.

"விடு, சம்பளம் வருதுல்ல," என்கிறார் வீட்டுக்காரர். வருதுல்லன்னா? சம்பளம் வராட்டித்தான் கோபப்படணுமா?

ஏப்ரல் 3

கேபிள். கேபிள். கேபிள்.

நவம்பர் 20, வெள்ளி

திருத்திய வரைவு நிறைவேறியதாம். நின்றால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற வரி உள்ளே இருக்கிறது. முன்மொழிந்தவர்: எங்கள் மேனேஜர். ஹாலில் கூட்டி வைத்து, என் வீடியோவையே போட்டுக் காட்டிப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மாற்றிய பம்பைச் சோதிக்க வேறு ஆள் சிக்கவில்லை போல, மத்தியானம் என்னையே கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தி அதிர்வைக் கொடுத்தேன். பம்பு நின்றது. திரை முழுக்கச் சிவப்பு. கதவைத் திறந்தேன். அப்படி ஒரு அலறல், மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "அத நிறுத்தும்மா, தல வலிக்குது."

நிறுத்துகிறேன் சார் என்றேன். எழுத வேண்டியதை எழுதி முடிக்கும்வரை கத்தவிட்டேன்.