இறங்கு என்றீர்கள், இறங்கினேன்

கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சேலையை இன்று காலை எடுத்தபோது அதில் கரிப்புகை வாசம் அடித்தது. பதுளைக்கு ரயில் வந்துவிட்டது. நீங்கள் பார்க்கவில்லை. "வருது, வருது" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தெமோதரைப் பக்கம் மலையைக் குடைந்துகொண்டிருந்த சமயத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சேலையை முகத்தில் வைத்து மோந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது. எதிர்க் கடைக்காரர் பார்த்திருந்தால், புருஷனை நினைத்து அழுகிறாள் பாவம் என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் உங்களுக்கு ஒரு மடல் எழுதத் தோன்றியது. மேலே உங்கள் பெயரை எழுதவில்லை. உயிரோடு இருந்தவரை வாயால் சொல்லாத பெயரை இப்போது கையால் எழுதுவானேன்? "நீங்கள்" என்று எழுதுவதும் நாக்குப் பழக்கம்தான். மரியாதை என்று எடுத்துக்கொண்டு மீசையை முறுக்க வேண்டாம். இந்த எழுத்தே நீங்கள் காலொடிந்து படுத்த பிறகு கடைக்கு உதவியாக வந்த என் சித்தி மகன், தம்பி சோமுவிடம் கற்றுக்கொண்டது. உங்களைத் திட்டுவதற்கு இது உதவும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான்.

திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்தபோது நான் ஒல்லிப்பிச்சான். இங்கே வந்து ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பு போட்டது. ஏன் போட்டது, எதைத் தின்று போட்டது என்று யாருக்கும் நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் மட்டும் தினமும் கணக்குக் கேட்டீர்கள். அரிசிக் கடைக்காரர் அல்லவா? எனக்கு "மூட்டை" என்று பெயர் வைத்தீர்கள். "மூட்டைய உள்ள போகச் சொல்லு", "மூட்டை இன்னைக்கி என்ன சமைச்சுச்சு" என்று கடைப்பையன் காதில் விழும்படி சொல்வீர்கள்.

பண்டாரவளைக்கு ரயில் வந்த புதிதில் ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நீங்களும் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மாட்டுக் கோச்சில் எனக்குப் பக்கத்தில் இடம் நெருக்கமாக இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் முகம் சுளிக்கக்கூட இல்லை. அதற்குள் நீங்களே முந்திக்கொண்டு, "ஒரு பொஞ்சாதிக்கு ரெண்டு டிக்கெட்டு எடுத்த ஆளு இந்த ஊவாவுலயே நான் ஒருத்தன்தாங்க" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழுவதாக ஆகிவிடும். மேடு வந்த இடத்தில் எல்லாம் என்னை இறக்கி நடக்கவைத்தீர்கள். மூச்சு வாங்க நான் ஏறி வருவதை, கோச்சின் பின்பக்கம் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டு வந்தீர்கள். ரயிலைப் பார்த்தேனா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு என்னை எங்கும் கூட்டிப் போகவில்லை. கொழும்பு, கண்டி, கதிர்காமம், இந்தியா எல்லாம் நீங்கள் போய் வந்தீர்கள். வந்து, பார்த்ததையெல்லாம் கடையில் கதை கதையாகச் சொல்வீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். எனக்குக் கதிர்காமம் வேண்டாம், கொழும்பு வேண்டாம். ஊரில் என் அம்மா இருந்தாள். அவளை ஒரு தரம் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் கேட்டேன்.

ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா சொல்லி அனுப்புவாள், "மகளைக் கண்ணுல காட்டச் சொல்லுங்க" என்று. நான் உங்களிடம் கேட்பேன். "கப்பல்ல ஒன்னைய ஏத்தினா கப்பல் ஒரு பக்கமா சாயும். ஊரே கைகொட்டிச் சிரிக்கும். எனக்கு மானம் மரியாத இருக்கு" என்பீர்கள். அடுத்த வருஷம் என்பீர்கள். உடம்பைக் குறை, கூட்டிப்போகிறேன் என்பீர்கள். அதையும் செய்தேன். வெறும் கஞ்சியைக் குடித்து, கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். "மூட்டை சரிஞ்சிருச்சு" என்றீர்கள்.

ஒரு நாள் ஊரிலிருந்து வந்த ஆள் கடையில் உட்கார்ந்து, மோர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அம்மா செத்துப்போனாள் என்றார். காரியம் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் உள்ளே விழுந்து கதறிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசற்படியில் நின்று, "இனிமே போயி என்ன பண்ணப் போற? விடு" என்றீர்கள். உங்கள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. என் காதில் அது இன்னும் இருக்கிறது.

அன்றைக்கு நான் முடிவு எதுவும் செய்யவில்லை. உங்களை எதுவும் செய்ய எனக்கு வழியும் தெரியவில்லை. வழியை நீங்களே காட்டினீர்கள்.

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. நம் கடையிலிருந்துதான் அந்தத் தோட்டத்துக்கு அரிசி போகும். பெரிய கங்காணியின் மனைவி நேரில் வந்து, "அம்மா வராம நாங்க கரகம் எடுக்க மாட்டோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அரிசி வாங்குகிற இடம், மறுக்க உங்களுக்கு வாய் வரவில்லை. அரிசி ஏற்றிய வண்டியிலேயே என்னையும் ஏற்றினீர்கள். நீங்கள் சாய்ந்துகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று மூட்டைகளையெல்லாம் பின்னால் அடுக்கச் சொல்லி, அதன்மேல் குடையோடு ஏறி உட்கார்ந்தீர்கள். வண்டிக்காரர் கருப்பையா தலையைச் சொறிந்தார்.

"பின்பாரம் சாஸ்தியா இருக்குங்க."

"அதான் முன்பாரத்துக்கு ஒரு மூட்டைய ஒக்கார வச்சிருக்கோமே" என்றீர்கள். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. நான் கருப்பையாவுக்குப் பக்கத்தில், நுகத்தடியை ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்புகிற கடைசி மேட்டில் மாடுகள் திணறின. திருவிழாவுக்குப் போகிற கூட்டம் ரோட்டின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்தது. தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் பெண்கள் குளித்து, பூ வைத்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் உங்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தா மூட்டை! எறங்கு. மாடு செத்துப்போச்சுன்னா ஒங்கப்பனா வெல குடுப்பான்?"

கருப்பையா பதறிப்போய்த் திரும்பினார். "ஐயா, வேணாங்க. அம்மா இங்கனயே இருக்கட்டுங்க."

"நீ வண்டிய ஓட்டுடா. எறங்குடி!"

நீங்கள் காலையில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. முன்பாரம் நான்தான். மேட்டில், பின்னால் அவ்வளவு பாரம் இருக்கும்போது நான் இறங்கினால் என்ன ஆகும் என்று வண்டியே ஓட்டாத எனக்குக்கூடத் தெரிந்தது. "நான் எறங்கினா வண்டி தூக்கிரும்ங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். புருஷன் சொல்லைத் தட்டாத பெண்டாட்டி.

வண்டியின் ஏர்க்கால் மேலே எழும்பியது. மாடுகள் இரண்டும் நுகத்திலிருந்து கழன்றுகொண்டு ஒதுங்கி நின்றன, அவற்றுக்கு ஒரு கீறல் இல்லை. நீங்கள், குடை, மூட்டைகள் எல்லாம் பின்பக்கமாகச் சரிந்து ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் போய் விழுந்தீர்கள். நான் இறங்குவதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த கூட்டம், நிறுத்தத் தெரியாமல் உங்களைப் பார்த்தும் சிரித்தது. ஒரு மூட்டை பிரிந்து உங்கள் மீசையிலும் காதிலும் அரிசி அப்பியிருந்தது. நான் ரோட்டில் நின்று நன்றாகப் பார்த்தேன். எந்தத் தேரையும் அத்தனை ஆசையாக நான் பார்த்ததில்லை.

பிறகு, "ஐயோ, காலு போச்சே, தூக்குங்கடா" என்று நீங்கள் அலறினீர்கள். சிரிப்பு நின்றது. கானுக்குள் இறங்கி, உங்கள் தொடைமேல் கிடந்த மூட்டையைப் புரட்டித் தள்ளி, உங்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது யார்? நான்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டீர்கள். லயத்துப் பிள்ளைகள் கூடவே ஓடிவந்து பார்த்தார்கள். மெதுவாகத்தான் நடந்தேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

சிங்கள வைத்தியர், வெதமாத்தயா, வீட்டுக்கே வந்து எலும்பைக் கட்டினார். கட்டு பிரித்தபோது ஒரு கால் கட்டையாகிப் போயிருந்தது. கல்லாப்பெட்டி வரை நடப்பீர்கள், மேடு ஏற முடியாது. சரக்கு எடுக்க யாராவது போக வேண்டுமே. சோமுவுக்கு அரிசி பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் புறப்பட்டேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தீர்கள், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டீர்கள்.

எல்லாம் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ரயில் பெட்டியில் நான் ஏறினால் சிலர் காலை நீட்டிப் படுத்துக்கொள்வார்கள். நான் உட்கார்ந்தால் தானாக எழுந்துகொள்வார்கள். கொழும்பில் ஒரு கடையில் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது, நாற்காலியும் என்னோடு எழுந்தது. கடைக்காரர் சிரித்தார், சோமு சிரித்தான், எனக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவர் கை இல்லாத பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்படி முடித்துவிட முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தூத்துக்குடிக்குக் கப்பல் ஏற ஓடத்தில் போனபோது ஓடக்காரர், "பெரியம்மா, நீங்க நடுவுல ஒக்காருங்க, ஓடம் ஆடாது" என்று கைகொடுத்து உட்காரவைத்தார். கப்பல் ஒரு பக்கமும் சாயவில்லை. கவனித்துப் பார்த்தேன்.

ரங்கூனுக்கும் போனேன். அரிசிக் கிட்டங்கி வாசலில் என்னைப் பார்த்ததும், இவ்வளவு பெரிய உடம்பு என்றால் இவ்வளவு பெரிய கடை என்று நினைத்துவிட்டார்கள். அங்கே இருந்ததிலேயே அகலமான இருக்கையைத் துடைத்துப் போட்டு, பழம் கொடுத்து, மாதிரி அரிசியை என் முன்னால் குவித்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை. ஒரு பிடி அள்ளி முகர்ந்து, உதட்டைப் பிதுக்கினேன். இரண்டாவது குவியல் வந்தது.

திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் நீங்கள் விளக்கு வைத்த பிறகு மெல்ல ஆரம்பிப்பீர்கள். "ரங்கூனு எப்பிடி இருக்கு? பெரிய கோயிலு ஒண்ணு இருக்காமே, தங்கமாமே."

"மூட்டைக்கு என்னங்க தெரியும்? ஏத்துனாங்க, எறக்குனாங்க."

எத்தனை வருஷம் இதே பதில்! சோமுவையும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். கடையில் ஆட்கள் வந்து, "அம்மா ரங்கூன் போயிட்டு வந்தாங்களாமே, என்ன சேதி?" என்று கேட்பார்கள். உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. பத்து வருஷத்துப் பழைய கொழும்புக் கதையை எடுப்பீர்கள், அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

கடைசி மாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ராமேஸ்வரத்துக்குக் கடல் மேல ரயில் போகுதாமே. நீ போனியே. ஒரே ஒரு தரம் சொல்லேன்." முதல் தடவையாக என்னை மூட்டை என்று சொல்லாமல் கேட்டீர்கள். அந்தப் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது கீழே தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. சன்னலோரம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. உங்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கஞ்சியில் கொஞ்சம் நெய்யைக் கூட விட்டுக் கரைத்துக் கொடுத்தேன். பாலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், பதில் சொல்ல உங்களுக்கு வாயில்லாத நேரமாகப் பார்த்து. அம்மாவின் ஊருக்கு நான் போனேன். வீடு இடிந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அத்தை என்னைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "கண்டிச்சீமையில இருந்து ஆரு வந்தாலும் ஒங்காத்தா ஓடிப்போயி, எம்மக எப்பிடி இருக்கான்னு கேப்பா. நல்லாக் குண்டா இருக்கான்னு சொன்னாப் போதும்டி. தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவா. எம்மக குண்டா இருக்காளாம், எம்மக வயிறாரத் திங்கிறாளாம்னு." தாது வருஷத்துப் பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். இந்த உடம்பைப் பார்ப்பதற்குத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். இந்த உடம்பைக் காட்ட வெட்கப்பட்டு நீங்கள் என்னை அனுப்பவில்லை.

அடுத்த வாரம் நம் ஊர் ஸ்டேஷனிலேயே ஏறிக் காசிக்குப் போகிறேன். சோமு வருகிறான். காசிக்குப் போனால் பிடித்தமானது ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டுமாம். உங்கள் தங்கை வந்து, "அண்ணி, நீங்க சோத்த விட்டுருங்க, ஒடம்பாச்சும் எளைக்கும்" என்றாள். உங்கள் வீட்டு வாய். கோயில் குருக்கள் நல்ல மனுஷர், அவர் எல்லாவற்றையும் அறிந்தவர். "ஐயா மேல இருக்கிற கோவத்த விட்டுட்டு வாங்கம்மா, அதுதான் பெரிய புண்ணியம்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். பாகற்காயை விடப் போகிறேன். காசியில் விட்டதைத் தின்னக் கூடாது. தின்னாததை நான் சமைக்கவும் மாட்டேன். உங்கள் திதிக்கு இலையில் முதலில் வைப்பது பாகற்காய் வறுவல்தான், உயிரோடு இருந்தபோது அது இல்லாமல் நீங்கள் சாப்பிட உட்கார்ந்ததில்லை. இந்த வருஷத்திலிருந்து உங்கள் இலையில் அது இருக்காது.

கோபத்தை விடச் சொல்கிறார்கள். அதை அங்கே கங்கையில் காட்டிவிட்டு, நனையாமல் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன். அதைச் சுமக்க எனக்கு உடம்பு இருக்கிறது.