ஆளுநருக்காக நின்ற மூலை

பண்ணை வீடு, அயோவா
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள டெல்மர்,

வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உங்களுக்கு உத்தரவு போட்டிருப்பதால், கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு விஷயத்தை நான் முழுதாகச் சொல்லி முடிக்கப் போகிறேன். இதைப் படித்துக் காட்டும் நர்ஸம்மா, இவர் கண்ணை உருட்டினால் பொருட்படுத்த வேண்டாம். மேலே படியுங்கள்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பன்றிக் கொட்டகையில் தண்ணீர்க் குழாய் மூன்று நாள் உறைந்து கிடந்தது. பக்கத்துப் பண்ணை லைல் வந்து சரிசெய்து கொடுத்தார். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நேற்று மாலை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம். தீயணைப்பு வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, அந்த வண்டிக் கொட்டகைக்குள் எழுபத்தொன்பது பேர் பெயர் பதிந்தோம். ஆஸ்பத்திரியில் இருப்பவரின் ஓட்டையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டா என்று தலைமை தாங்கிய மார்வினிடம் கேட்டேன். வந்து நிற்பவர்தான் கணக்கு என்று கையை விரித்துவிட்டார். எனக்குத் தெரியாததா! மனசு கேட்கவில்லை, கேட்டுப் பார்த்தேன்.

போட்டியிடும் செனட்டர், மேயர், ஆளுநர் மூவருக்கும் ஆளுக்கொரு மூலை; அவரவர் ஆதரவாளர்கள் அதில் போய் நிற்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு நம் ஆளுநருக்கான மூலையில் நின்றேன். அக்டோபரிலிருந்து தொண்டை வறள ஃபோனில் பேசி நீங்கள் பிடித்து வைத்திருந்த ஆட்களில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். என்னோடு பன்னிரண்டு. நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள் என்று நீங்கள் எனக்கு எடுத்த பாடம் நினைவிருக்கிறது. எழுபத்தொன்பதுக்குப் பன்னிரண்டு பேர். சரியாகப் பன்னிரண்டுதான் இருக்கிறோம் என்று உங்களை மெச்சிக்கொண்டேன்.

மார்வின் எண்ணி முடித்துப் பதினொன்று என்றார். நான் இன்னொரு முறை எண்ணினேன். பதினொன்றேதான். லைலைக் காணோம். மனிதர் வண்டி உறைந்துவிடுமே என்று எஞ்சினைப் போட்டுச் சூடாக்க வெளியே போயிருக்கிறார்! நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்? செனட்டருக்கு அறுபத்து மூன்று, அந்த மேயருக்கு நாலு, நமக்குப் பதினொன்று. நாமும் மேயர் கோஷ்டியும் அரை மணி நேரத்தில் ஆள் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு மூலைக்குப் போக வேண்டும்.

உடனே செனட்டர் கூட்டம் நம்மைச் சூழ்ந்துகொண்டது. உங்கள் தம்பி கோர்டன் முதல் ஆளாகக் கழன்றுகொண்டான். ஜெயிக்கிற பக்கம் நிற்பதில் என்ன தப்பு, இந்த மூலை கரை சேராது என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை நான் திட்டவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அதற்கு அவன் காது சிவந்துவிட்டது. லைல் கையைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தார். ஆனாலும் கோர்டன் போனதில் நாங்கள் மறுபடியும் பதினொன்று. பாவம், லைல் என் முகத்தையே பார்க்கவில்லை.

அப்போதுதான் செனட்டர் பக்கத்துத் தலைவி கானி என் தோளில் கைபோட்டாள்.

“டெல்மருக்காகத்தானே இங்க நிக்கற? அவரே வரல. பேசாம எங்க பக்கம் வந்துடு ஆர்டிஸ், எலுமிச்சை கேக் வச்சிருக்கோம்.”

“வரும்போது அவருக்காகத்தான் வந்தேன். இப்ப எனக்காக நிக்கறேன். கேக்கை நீயே தின்னு.”

சொல்லிவிட்டேன். நான் நாலு பேர் முன்னால் பேசினது என்று பார்த்தால் தேவாலயச் சமையல் குழுவில்தான். இருந்தாலும் விடுவதாக இல்லை. மேயர் கோஷ்டி நாலு பேரும் காபி டிரம் பக்கத்தில் நின்றுகொண்டு, இப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஃபிலிஸ், நம் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சராக இருந்தவள். உங்கள் தாளில் இருந்த வரிக் கொள்கை, சோள விலை எல்லாவற்றையும் அவளிடம் வாசித்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

தாளை மடித்துப் பையில் போட்டேன். இனிமேல் சொல்வதற்கு நீங்கள் கோபப்படுவீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி மூச்சு விடக்கூடாது, பரிதாப ஓட்டு வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். அதை நான் மீறினேன்.

“நவம்பர்ல என் வீட்டுக்காரர் அடுக்களைத் தரையில விழுந்து கெடந்தார். ஆம்புலன்ஸ் வர அம்பத்திரண்டு நிமிஷம். நம்ம ஊர் ஆஸ்பத்திரியை மூடாம இருந்திருந்தா ஆறு நிமிஷம். அதை ஏன் மூடினாங்கன்னு இங்க வந்து கேட்ட ஒரே ஆள் இந்த ஆளுநர்தான். கேட்டதோட போகல, பூட்டின கட்டடத்தைப் போய்ப் பார்த்தார். அடுத்த தடவை உன் வீட்டுத் தரையா இருக்கலாம் ஃபிலிஸ்.”

அந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தைப் பற்றி உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப் போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ஃபிலிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எனக்கு உன் ஆளுநரைப் பிடிக்காது, அவர் கணக்கெல்லாம் இடிக்கிறது என்றாள். சொல்லிக்கொண்டே நம் மூலைக்கு நடந்து வந்தாள். இரண்டு பேர் கூடவே வந்தார்கள், நாலாமவர் வீட்டுக்குப் போய்விட்டார். மார்வின் இரண்டு முறை எண்ணினார். பதினாலு! லைல் என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார், அதை நான் மறைக்க விரும்பவில்லை. கானியும் வந்து கைகொடுத்தாள். நல்லவள்தான், அந்த வாய்தான் ஆகாது.

மாநிலம் முழுக்கப் பார்த்தால் ஆளுநருக்கு மூன்றாம் இடம்தான் என்று காலையில் ரேடியோவில் சொன்னார்கள். அவர் விலகவில்லையாம், அடுத்த ஓட்டு நடக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் விலகுகிற யோசனை இல்லை. நாளை முதல் அந்தப் பூட்டிய ஆஸ்பத்திரிக்காக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போகிறோம், ஃபிலிஸ் கூட வருகிறாள். வியாழக்கிழமை சாலையில் பனியை வழித்தாலும் வழிக்காவிட்டாலும் நான் அங்கே வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை உங்களை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்தில் இருப்பேன்.

இன்னும் ஒன்று. நம் மூலைக்கு மாவட்ட மாநாட்டில் ஒரு பிரதிநிதி இடம் கிடைத்தது. உங்கள் பெயரைச் சொன்னேன். பதினாலு பேரும் கை தூக்கினார்கள். தூரத்திலிருந்து கோர்டனும் தூக்கினான், அவனுக்கு அந்த உரிமை இல்லை என்று மார்வின் கையை இறக்கச் சொன்னார். மாநாடு மார்ச் இருபத்தொன்று, சனிக்கிழமை காலை ஒன்பது மணி. உங்கள் சாம்பல் நிற கோட்டை வெளுக்கப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் வர முடியாமல் போனால் மாற்று ஆளாக யார் பெயரை எழுதுவது என்று மார்வின் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வரியை வெறுமையாக விடச் சொல்லிவிட்டேன்.

வந்துவிடுங்கள்.

உங்கள்
ஆர்டிஸ்