ஆடியில் கைமாறாத மெஷின்

திண்டிவனம்,
6.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தேவயானி எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் கட்டின புருஷனோடு இனிமேல் காகிதத்திலேயே பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். மாற்றலாகிப் போன நாசிக்கில் மழை என்றீர்கள். நனைந்த தலையோடு படுக்காதீர்கள்.

நம் வீட்டுச் சாமானை அங்கே ஏற்றிவர ஆள் பேசிவிட்டேன். சென்னைக் கம்பெனிக்காரன், "ஒரு வீடியோ அனுப்புங்க மேடம், போதும்" என்றான். சாமானைப் பார்க்காமல் விலை சொல்கிறவன், அது உடைந்தாலும் பார்க்காமல்தான் போவான். வேண்டாம் என்றுவிட்டேன். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் என்பவர் நேரில் வந்தார். பீரோவை அசைத்துப் பார்த்தார். அங்கே லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டார். "நடுவழியில லாரி மாத்தற பேஜாரெல்லாம் நம்மகிட்ட கெடையாதும்மா. இங்க ஏத்துனது அங்கதான் எறங்கும்" என்றார். அவருக்கே கொடுத்துவிட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் லாரி கிளம்பிவிடும். ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது. ஆகையால் நான் ஆவணியில்தான் வருவேன். அதுவரை கிளியனூரில் அக்கா வீட்டில் இருப்பேன். நான் வந்து பால் காய்ச்சும்வரை ஒரு பெட்டியையும் பிரிக்காதீர்கள்.

தையல் மெஷினை விற்றுவிடு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நம் முன்னறையில் அது ஓடாத நாள் உண்டா? இன்னொரு தடவை யோசித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தேவயானி

நாசிக்,
10.7.2025

அன்புள்ள தேவிக்கு,

நலம். நீ ஆள் பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. நானாக இருந்தால் வீடியோ அனுப்பியிருப்பேன்.

மெஷின் விஷயம் யோசித்துவிட்டேன். இங்கே இருப்பது இரண்டே அறை. மொழி தெரியாத ஊரில் உன்னிடம் யார் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள்? கொண்டுவந்த மெஷின் சும்மா கிடந்தால் உனக்குத்தான் மனசு வலிக்கும். இத்தனை வருஷம் குனிந்து தைத்தது போதும். இங்கே வந்து காலை நீட்டி உட்கார். பக்கத்து வீட்டுப் பிரபாவதி விலைக்குக் கேட்டாள் என்று போனில் சொன்னாயே, அவளுக்கே கொடுத்துவிடு.

அன்புடன்,
அரிபிரசாத்

கிளியனூர்,
20.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று போனில் நீங்கள் கத்திய கத்தலில் பாதிதான் சொன்னேன். மீதியைக் கேளுங்கள்.

விருத்தாசலத்தின் ஆட்கள் வேலையில் சூரர்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுவருவதற்குள் முன்னறை காலி. மெஷினைத் தொட வேண்டாம் என்றிருந்தேன், தொடவில்லை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த இரண்டு பைகளைப் பற்றிச் சொல்ல மறந்துபோனேன். லாரி போன பிறகுதான் கதவைப் பார்த்தேன். அவருக்குப் போன் போட்டால், "ரூம்ல இருந்ததெல்லாம் ஜல்தியா கட்டிட்டாங்கம்மா. ஆணிய மட்டும்தான் உட்டுட்டு வந்தாங்க" என்கிறார்.

ஊர்ப் பெண்களின் அளவு ரவிக்கைகளும் தைக்கக் கொடுத்த துணிகளும் அந்தப் பைகளில்தான் இருக்கின்றன. மெஷின் இங்கே அக்கா வீட்டில், துணி அங்கே. வீரம்மாள் மகள் இளவரசிக்கு ஆவணியில் கல்யாணம். வீரம்மாள் திண்டிவனத்திலிருந்து தேடிவந்து அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "என்னாம்மா, கண்ணாலம் இங்க, ரவிக்கை மகாராஷ்டிராவுலயா? யாராண்ட போய் சொல்றது இத?" என்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருத்தி துணியைக்கூட நான் தொலைத்ததில்லை.

பெட்டிகளைப் பிரித்துத் தேடுங்கள். பெட்டி பிரிப்பதற்கும் பால் காய்ச்சுவதற்கும் சம்பந்தமில்லை என்று அக்கா சொல்கிறாள். பச்சைப் பை ஒன்று, பூப்போட்ட பை ஒன்று. கண்டதும் கூரியரில் அனுப்புங்கள்.

பிரபாவதியும் வந்து போனாள். ஆடியில் மெஷின் கைமாறக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தேவயானி

நாசிக்,
26.7.2025

அன்புள்ள தேவிக்கு,

இரண்டு பைகளையும் நேற்றே கூரியரில் போட்டுவிட்டேன். நான் பட்ட பாட்டைக் கேள்.

சமையல் பெட்டி என்று எழுதியிருந்த பெட்டியில் பச்சைப் பை கிடைத்தது. பூப்போட்ட பையை நம் மெத்தைக்குள் வைத்துச் சுருட்டியிருந்தார்கள். ஒன்றும் விட்டுப்போகக் கூடாதே என்று எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தேன். காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்திருந்தேன். எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தனியாக இருக்கிற ஆம்பிளை, சுற்றிலும் ரவிக்கைகள். எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையையும் சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் இன்னும் இறுகியது. கடைசியில் நம் கல்யாண போட்டோவை எடுத்து உன்னைக் காட்டி, கையால் தைப்பதுபோல் செய்து காட்டினேன்.

உள்ளே வந்து ஒரு ரவிக்கையை எடுத்தாள். வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை தேவி. உள்பக்கத்தைத் திருப்பி, தையல் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ரவிக்கையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் மருமகளோடு வந்தாள், கையில் துணி. மேடம் எப்போது வருவார்கள் என்று கேட்கிறாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தத் துணி இப்போது நம் பீரோவில் இருக்கிறது.

கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். ஜன்னல் பக்கம் மெஷினுக்கு இடம் வந்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு பிளக் பாயிண்டும் போடச் சொல்லியிருக்கிறேன். மெஷினைக் கொண்டுவா. ஆடி என்பதால் நீ இன்னும் பிரபாவதிக்குக் கொடுத்திருக்க மாட்டாய் என்று தைரியமாக இருக்கிறேன். பெரியவர்கள் காரணமில்லாமல் எதையும் சொல்லிவைக்கவில்லை.

அன்புடன்,
அரிபிரசாத்

கிளியனூர்,
2.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பைகள் வந்துவிட்டன. ஒரு துண்டுத் துணிகூடக் குறையவில்லை. இளவரசியின் ரவிக்கையைத்தான் முதலில் தைத்தேன். வீரம்மாள் அதைத் தெருவெல்லாம் காட்டி, "மகாராஷ்டிரா போய் வந்த ரவிக்கை" என்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ரவிக்கைகளுக்கு நடுவில் நீங்கள் உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஜன்னல் பக்கம் என்று எழுதியிருந்ததைத் தனியாக இன்னொரு தடவை படித்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

விருத்தாசலத்திடம் பேசிவிட்டேன். ஆவணியில் அந்தப் பக்கம் போகிற லாரியில் மெஷினை ஏற்றிவிடுகிறாராம். இந்தத் தடவை டீ போட உள்ளே போக மாட்டேன், லாரி நகரும்வரை பக்கத்திலேயே நிற்பேன். எதிர் வீட்டு அம்மாளிடம் அளவு ரவிக்கை ஒன்று வாங்கி வையுங்கள்.

ஒரு விஷயம். ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்பது பெரியவர்கள் சொன்னது. மெஷின் கைமாறக் கூடாது என்பது நான் சொன்னது. ஊரே ஆடித் தள்ளுபடி போட்டு விற்றுத் தள்ளுகிற மாசத்தில் பிரபாவதி நம்பினாள், சரி. நீங்களுமா மாமா?

இப்படிக்கு,
ஆவணியில் வரும் தேவயானி