ஏழு பேரும் நாற்பது கரையானும்

ஜூன் 9, திங்கள்

வெயில். காற்று துளிகூட இல்லை. காலை முழுக்க மைக்ராஸ்கோப். இறால் குஞ்சுகள் சுறுசுறுப்பு. மேனேஜர் சிரித்தார், அபூர்வம்.

சாப்பாட்டு நேரத்தில் அமலா போனை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பொம்மையார்பாளையத்தில் ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள். சென்னையிலிருந்தும் பாண்டியிலிருந்தும் வருகிறார்களாம். கையால் செய்த பொம்மைகளுக்கும் அனுமதி உண்டு. அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சாம்பார் ஆறிவிட்டது.

இதுவரை நாங்கள் மூன்று பேர்தான். லேபில் என்னோடு இருக்கும் அமலா, ஜெனரேட்டர் பார்க்கும் குமரன் (இனி கு.), நான். இறால் குஞ்சு பொரிக்கும் எங்கள் ஹேச்சரியின் ஸ்டோர் ரூமில் தீவன மூட்டைகள் மேல் பலகை போட்டு ஆடுவோம். மேசைமேல் நடக்கும் போர். விரல் உயரப் பொம்மைகள், பகடை, அளவு டேப். கதை நடப்பது எங்கோ ஒரு நட்சத்திரத்துப் பக்கம், கடல் வற்றிப்போன கிரகத்தில். கு.விடம் நாற்பது இயந்திரக் கரையான்கள் இருக்கின்றன. பேனா ஸ்பிரிங், ஊசி மூடி, எரிந்துபோன எல்.இ.டி. எல்லாம் ஹேச்சரிக் குப்பை.

நான் இதுவரை அமலாவின் படையைக் கடன் வாங்கித்தான் ஆடினேன். ஞாயிற்றுக்கிழமை என் படை இறங்கும். ஆதி எழுவர்.

"ஏழு பேரை வெச்சி என்னா பண்ணுவ?" என்றான் கு.

"வந்து பாரு."

சொல்லிவிட்டேன். செய்து முடித்திருப்பது இரண்டு பேரைத்தான்.

ஜூன் 10, செவ்வாய்

லீவு போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை.

சாயந்திரம் குழாய் ஒழுகலை அடைக்கும் பசை மாவு, பியூஸ் கம்பி, பல்குச்சி. மாவு இறுகுவதற்குள் முகம் செதுக்க வேண்டும். மூன்றாவது ஆளின் மூக்கு மூன்று முறை விழுந்தது. நான்காவது ஆள் ஒரே மூச்சில் வந்துவிட்டார், எப்படி என்று தெரியவில்லை.

விதிப் புத்தகத்தில் எழுவருக்கு அரைப் பக்கம்தான். அந்தக் கிரகத்தில் மனிதர்கள் முதன்முதலில் இறங்கியபோது கப்பலைக் காத்தவர்கள். பிறகு உப்புக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். பல்லாயிரம் வருடம். வெறும் கதை என்றுதான் அங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆபத்து வரும்போது உப்பைப் பிளந்துகொண்டு எழுந்து வருகிறார்கள்.

எண்ணிக்கை குறைவு என்பதால் யாரும் இவர்களை எடுப்பதில்லை. எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விதிக்காக: ஒருவர் விழுந்தால் அவருடைய பலமும் வேகமும் மிச்சம் இருப்பவர்களுக்குப் போய்விடும். படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

உப்பளத்து வேலை முடிந்து அம்மா வந்தாள். காலைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு இவங்க?"

கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"உப்புக்கு அடியில அவ்ளோ வருசம் கெடந்தா காலு என்னத்துக்கு ஆவுறது? பூட்ஸ் போட்டுக்கினு போற எனக்கே வெடிச்சிக் கெடக்குது. நீ மொழுமொழுன்னு வெச்சிருக்கிறியே."

அம்மா காலைப் பார்த்தேன். பொம்மைகளின் காலைப் பார்த்தேன். நான்கு பேருக்கும் ஊசியால் வெடிப்பு கீறினேன். நடுவில் வெள்ளை பெயிண்ட். இப்போதுதான் உப்பிலிருந்து எழுந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். கிழக்கே மேகம். வேலையில் கவனம் இல்லை, ஒரே தொட்டியை இரண்டு தடவை எண்ணினேன். அமலா பார்த்துவிட்டுத் தலையில் தட்டினாள்.

ஐந்து, ஆறு முடிந்தன.

"இவங்களுக்குப் பேரு இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"முதலாமவர், ரெண்டாமவர். புக்குல அவ்ளோதான் போட்டிருக்கான்."

"அது என்னா பேரு, ரேஷன் கடை க்யூ மாதிரி."

அளத்தில் தன்னோடு வேலை செய்யும் செட்டு ஆட்களின் பெயரையே வைத்துவிட்டாள். இடுப்பில் கைவைத்து நிற்பவர் முனியம்மா. ஒல்லியாக இருப்பவர் தனம். தடியோடு இருப்பவர் செல்வராசு. மற்ற இருவர் லூர்து, பச்சையம்மா. தொப்பையும் தலைக்கவசமும் உள்ளவர் மேஸ்திரி. "அப்படியே அந்தாளு நிக்கிற மாதிரி இருக்குது" என்று வெகுநேரம் சிரித்தாள். நான் செதுக்கியபோது மேஸ்திரியை நினைக்கவே இல்லை.

"ஏழாவது ஆளு நீதாம்மா."

"நானா? எனக்கு எதுக்குடி கத்தி?"

"வேற என்னா குடுக்கட்டும்?"

"பலகை குடு. அதுதான் கைக்கு வாட்டம்."

உப்பு வாரும் பலகை. நீளக் கழி, முனையில் குறுக்குப் பலகை. விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். 'நீண்ட ஆயுதம்' என்றுதான் இருக்கிறது, ஈட்டி என்று எங்கேயும் இல்லை. பலகையின் விளிம்பில் நீல ஒளி பூசப்போகிறேன். இரும்பை வெண்ணெய் மாதிரி அறுக்கும். இதை எழுதும்போதே கை பரபரக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

ஏழாவது ஆள் தயார். பெயிண்ட் மட்டும் பாக்கி. பலகை நன்றாக வந்திருக்கிறது. அம்மா முகம் வரவில்லை. தாடை மட்டும் அம்மா.

கு. ஸ்டோர் ரூம் பக்கமே வரவில்லை. தனியாக ஏதோ திட்டம் போடுகிறான். அமலாவிடம் கேட்டால், "எனக்கு ரெண்டு பேருமே ஒண்ணுதான், என்னை விட்டுடு" என்கிறாள்.

வாங்க வேண்டியது: பஞ்சு, பகடை இன்னும் கொஞ்சம், தேங்காய், அம்மாவுக்குக் கால் களிம்பு.

ஜூன் 14, சனி

மழை. பெயிண்ட் அடிக்கவில்லை.

மத்தியானமே வானம் இருட்டிவிட்டது. அம்மா போன் செய்தாள், "கை காலியா இருந்தா வா, உப்பு அம்பாரம் மூடணும்." அவள் அப்படிக் கூப்பிடுகிறவள் இல்லை. பர்மிஷன் கேட்டு ஓடினேன். கு.வும் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான், யாரும் கூப்பிடவில்லை.

இந்த வாரம் வாரிய உப்பு முழுக்க வரப்பு மேல் குவியல் குவியலாக. தார்ப்பாய் போட்டு, அதன்மேல் ஓலை, அதன்மேல் கல். காற்றில் தார்ப்பாய் ஆளையே தூக்குகிறது. ஒரு முனையில் நானும் தனம் அக்காவும் தொங்கினோம். லூர்து அண்ணன் கல் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். மேஸ்திரி கத்திக்கொண்டே இருந்தார். முதல் துளி விழுந்தபோது கடைசிக் குவியலில் பாதி மூடியிருந்தது. அதில் கொஞ்சம் கரைந்தது. மற்றதெல்லாம் தப்பித்தது.

எல்லோரும் மழையிலேயே நின்றோம். பாத்திகள் முழுக்கத் தண்ணீர். "நாலஞ்சு நாளைக்கு வேலை இல்ல, போ" என்று முனியம்மா அக்கா சொன்னார். சலிப்பாகத்தான் சொன்னார், ஆனால் முகத்தைத் தூக்கி மழையை வாங்கிக்கொண்டிருந்தார்.

என் கை இரண்டும் எரிகிறது. பிரஷ் பிடிக்க முடியவில்லை. ஏழாவது ஆள் பசை மாவின் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறார்.

"உனக்கு மட்டும் கலர் இல்லம்மா."

"வேலைக்குப் போற சேலைன்னு நெனச்சுக்கோ." பிறகு, தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கு நானும் வரட்டா? சும்மாதானே இருக்கப் போறேன்" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது. இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன்.

காலை பஸ். பொம்மைகள் பஞ்சு வைத்த டிபன் டப்பாவில், டப்பா அம்மா மடியில். ஹாலில் வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு உலகம். எரிமலை, இடிந்த நகரம், பனி. ஒருவருடைய டாங்கிக்குள் உண்மையாகவே விளக்கு எரிகிறது. அமலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் டப்பாவைத் திறக்கவே கூச்சப்பட்டேன்.

முதல் ஆட்டம். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர். கண்ணாடி மாதிரி மினுங்கும் படை. என் ஏழு பேரைக் குனிந்து பார்த்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன்.

"இந்தக் காலு எப்படிங்க பண்ணீங்க?"

"எங்கம்மா காலைப் பாத்துங்க."

அம்மா சட்டென்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் தூரத்திலிருந்து சுட்டார். லூர்து விழுந்தார், தனம் விழுந்தார், பச்சையம்மா விழுந்தார். ஒவ்வொருவர் விழும்போதும் அம்மா "அய்யோ" என்றாள். ஆனால் மீதி நான்கு பேருக்கும் பலம் ஏறிக்கொண்டே போகிறதே. அவருக்கு அது புரிந்தபோது முனியம்மா அவருடைய தளபதியின் பக்கத்தில் நின்றிருந்தார். பிறகு பகடை எடுக்கவே எனக்குப் பயமாக இல்லை. ஜெயித்தேன். நான். ஜெயித்தேன்.

"செத்தவங்க?" என்றாள் அம்மா.

"அடுத்த ஆட்டத்துக்கு எழுந்துருவாங்கம்மா."

"அப்ப சரி."

இரண்டாவது ஆட்டம் பாண்டிக் கல்லூரி வாத்தியார் ஒருவரோடு. மயிரிழை. அதிலும் நான்தான். அமலா முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு எனக்கு டீ வாங்கி வந்துகொண்டிருந்தாள். கடைசி ஆட்டம் யாரோடு என்று போர்டில் பார்த்துவிட்டு வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள்.

கு.

அவனும் இரண்டிலும் ஜெயித்திருக்கிறான். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து ஸ்டோர் ரூம் ஆளோடு இறுதி ஆட்டம். சுற்றிலும் கூட்டம். மேசை நடுவில் ஒரு கிணறு. ஆறாவது சுற்று முடியும்போது கிணற்றைச் சுற்றி யாருக்கு ஆட்கள் அதிகமோ அவர்களுக்கு வெற்றி.

இரண்டு சுற்று போனதும்தான் புரிந்தது. அவன் என் ஆட்களை அடிக்கவே இல்லை. நாற்பது கரையானும் இரண்டாகப் பிரிந்து எங்களைச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்கு ஓடுகின்றன. யாரும் சாகாவிட்டால் யாருக்கும் பலம் ஏறாது, வேகமும் ஏறாது. என் ஆட்கள் மெதுவாகத் திரும்பி மெதுவாக நடக்கிறார்கள்.

"அடிடா," என்றேன்.

"எதுக்கு? உன்னை எனக்குத் தெரியாதா?"

அமலா நகம் கடித்தாள். வேறு வழியில்லை, என் ஆட்களை நானே சாகக் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்குள் தனியாக அனுப்பினால் கரையான்கள் கடித்துத்தான் ஆக வேண்டும், விதி அப்படி. அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"மேஸ்திரியை அனுப்பு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி போனார். சுற்றி வளைத்துத் தின்றன. மற்ற ஆறு பேருக்கும் நடை கூடியது.

"அடுத்தது தனம்," என்றேன்.

"வேணாம்டி. அவளுக்கு முட்டி வலி."

"அம்மா, இது பொம்மைம்மா."

"தெரியுது. வேணாம்." பிறகு செல்வராசுவைக் காட்டினாள். "வாட்டசாட்டமா இருக்கான், போவட்டும்." செல்வராசு போனார். இன்னும் பத்தவில்லை. கிணறு எட்டவில்லை. நான்காவது சுற்று முடிந்துவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் பச்சையம்மா மேல் கைவைத்தேன்.

"என்னை அனுப்பு," என்றாள் அம்மா.

சாதாரணமாகத்தான் சொன்னாள், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது மாதிரி. வெறும் பசை மாவு, பல்குச்சிக் கழி. கை போகவில்லை. அம்மாவே சாம்பல் பொம்மையை எடுத்துக் கரையான்களின் நடுவில் வைத்தாள். பலகை முதலில் ஐந்தாறு கரையான்களை வாரித் தள்ளியது, நானே எதிர்பார்க்காத பகடை. பிறகு மூடிக்கொண்டன.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மிச்சம் இருந்த நான்கு பேரும் ஓடினார்கள். உண்மையாகவே ஓடினார்கள், டேப் போதாமல் அமலா மறுமுனையைப் பிடித்தாள். முனியம்மா ஒரே சுற்றில் கிணற்றின் ஒரு பக்கத்தைக் காலி செய்தார். கு. தன் கரையான்களை மறுபடி எண்ணிப் பார்த்தான். நெற்றியில் வியர்வை. ஐ.டி.காரர் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்.

ஆறாவது சுற்றின் கடைசிப் பகடை என்னுடையது. கிணற்றடியில் என் நால்வர், அவன் ஆறு கரையான். மூன்றை வீழ்த்தினால் எனக்கு, இரண்டென்றால் சமம். போட்டேன்.

ஒன்று.

நான்குக்கு ஐந்து. கு. ஜெயித்தான்.

கைதட்டல். அவனுக்கா எனக்கா என்று தெரியவில்லை. கு. என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ஒரு நிமிசம் செத்துட்டேன்பா," என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தோற்ற வருத்தம் வரும் வரும் என்று பார்க்கிறேன், இன்னும் வரவில்லை.

பஸ்ஸில் அம்மா கு. பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்பா, சண்டைக்கு வந்துட்டு ஓடிக்கினே இருந்தா அது என்னாப்பா சண்டை?"

"ஜெயிக்கணும்ல, அம்மா."

"நாப்பது பேருல எத்தினி பேரு மிஞ்சினாங்க?"

"பாதிக்கு மேல போயிட்டாங்க."

"ம்." அதோடு பேச்சை விட்டுவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, எங்கள் ஊர் மரக்காணம் வரும்வரை ஏதோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 16, திங்கள்

தூறல். அளம் இன்னும் தண்ணீரில். ஹேச்சரியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. மேனேஜர் கேட்டார், "யாரு ஜெயிச்சது?" கு. கையைத் தூக்கினான். "ரெண்டாவது?" நான் தூக்கினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கை தேவலை. இன்றைக்கு ஏழாவது ஆளுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று சீக்கிரம் வந்தேன்.

வீட்டில் பெட்டியை நகர்த்தி, பாய் விரித்து, அதன்மேல் கு.வின் கரையான்கள். நாற்பதும். மத்தியானம் அவன் சாப்பிட வந்த நேரம் பார்த்து அம்மா அவன் வீட்டுக்கே போய் வாங்கி வந்திருக்கிறாள்.

"எதுக்கும்மா?"

"நான் இவங்க பக்கம். ஏழு பேரு எல்லாத்தியும் பாத்துக்குவாங்கன்னு ஒக்காந்திருந்தா நேத்து அம்பாரம் மூடியிருக்க முடியுமா? கும்பலா போனாதான் வேலை ஆவும்."

"நேத்து இல்லம்மா, முந்தாநேத்து."

"ஒக்காரு. அந்த டேப்பை எடு."

நாற்பதையும் இரண்டாகப் பிரிக்கவில்லை. ஒரே வரிசை, தோளோடு தோள், பாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. சுற்றிப் போக எனக்கு இடமே இல்லை. பகடையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். பிறகு எழுதுகிறேன், முதல் சுற்று அம்மாவுடையது.